ஆட்டுக்கல்லைக் கொண்டுபோகிறவர்களுக்கு: ஊர் வீட்டில் பெட்டி நிறுப்பது

உடுப்பு, மருந்து, பாஸ்போட் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டிலிருந்து மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வந்து, அம்மாவின் ஆட்டுக்கல்லையும் குத்துவிளக்கையும் மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்ப நினைப்பவர்களுக்கு மட்டும் இது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழக்கம். அந்தக் குசினி இப்போது உங்கள் அக்காவினுடையது. அவரைக் கேட்காமல் கல்லில் கை வைக்காதீர்கள். நாம் வெளியில் இருந்த காலமெல்லாம் அதில் உழுந்து அரைத்தவர் அவர்.

நிறையை வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். லொறி முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கொழும்பு போனபின், நிறை கூடிவிட்டதென்று அங்கே ஆணி கழற்றி எடுக்கும் பொருளை வாங்கி வைக்க ஆளிருக்காது. ஆள் நிறை பார்க்கும் தராசு பெரும்பாலும் 150 கிலோதான் தாங்கும். பெரிய பெட்டி அதன் முகத்தையும் மூடிவிடும். அதனால் அயலில் இன்னொன்று இரவல் வாங்குங்கள். பிரிக்காத ஒரே சீமெந்துப் பையை இரண்டிலும் வைத்துப் பாருங்கள். ஒன்று 50, மற்றது 51 காட்டினால் அந்த வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முற்றத்து மணலில் நிறுக்கக் கூடாது. தராசின் கால் புதைந்து வயிறு தட்டினால் நிறை குறைத்துக் காட்டும். விறாந்தைச் சீமெந்தில், பாய் விரிக்காமல், பெட்டியின் இரு முனைக்கும் ஒவ்வொரு தராசை வையுங்கள், முகம் வெளிப்பக்கம் பார்க்க. ஒவ்வொன்றின் நடுவிலும் குறுக்காக ஒரு இரண்டங்குலக் கட்டை. டிஜிற்றல் தராசென்றால் முதலில் பூச்சியத்துக்கு வரவிட்டு, பிறகுதான் நாலு பேர் பெட்டியை இறக்க வேண்டும். பாரத்தோடு போட்டால் அதையே பூச்சியமாக எடுத்துவிடும். சில விநாடியில் அணைந்தும் போகும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் படம் எடுங்கள். முள் தராசில் இந்தக் கரைச்சல் இல்லை, கிடைத்தால் அதுவே நல்லது.

இரண்டையும் கூட்டிக் கட்டைகளின் நிறையைக் கழியுங்கள்: 84, 71, கூட்டினால் 155, கட்டை 3, பெட்டி 152. ஒரு பக்கம் கூடக் காட்டினாலும் கூட்டுத்தொகை மாறாது. ஆனால் சுவரோ கையோ பெட்டியில் முட்டினால் அந்தப் பாரம் கணக்கில் விழாது. கல்லை ஒரு ஓரத்தில் வைத்தால் இன்னொரு ஆபத்து: 180 கிலோப் பெட்டியில் பாரத்தின் நடு கால்வாசித் தூரத்தில் இருந்தால், கிட்டவுள்ள தராசு 135 கிலோ சுமக்கும். கல்லை நடுவில் வையுங்கள்.

ஒரே தராசுதான் என்றால், மற்ற முனைக்குக் கல் அடுக்கி அதே உயரமாக்கி வாசியுங்கள். பிறகு முனை மாற்றி வாசித்துக் கூட்டுங்கள். எப்படியும் இரண்டொரு கிலோ பிழைக்கும், உங்களுக்குச் சொன்ன நிறைக்குள் மூன்று கிலோ இடம் விடுங்கள்.

நிறுத்து முடிந்த இரவுதான் பார்சல்கள் வரும். "சின்னப் பார்சல்தான் மனே, பிள்ளைக்கிட்ட குடுத்திடு" என்று மாமி கருவாடு கொண்டுவருவார். பின்னால் பெரியம்மா மிளகாய்த்தூளோடு. பத்து வீடு, வீட்டுக்கு இரண்டு கிலோ, இருபது கிலோ. எழுதிக் கொடுத்த நிறை பொய்யாகும். கட்டிய பார்சலுக்குள் இருப்பதற்கும் நீங்களே பொறுப்பு. உணவுப் பொருளுக்குப் பல நாடுகளில் கட்டுப்பாடும் உண்டு. பத்து வருஷம் வராமல் இருந்துவிட்டு வந்தவரால் முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆகவே வந்த முதல் நாளே சொல்லுங்கள்: இன்ன கிழமை வரைக்கும், எல்லாருக்குமாகப் பத்துக் கிலோ, திறந்த பையில். ஒவ்வொன்றையும் சமையல் தராசில் நிறுத்துப் பெயரோடு எழுதி, அவர்கள் பார்க்க மூடிக்கு ஆணி அடியுங்கள். பிந்தி வந்ததைத் தபாலில் போடுங்கள். அந்தக் காசு உங்களுடையதாக இருக்கட்டும்.

மாரியில் பெட்டியை வெளியே விடாதீர்கள், நனைந்த பலகை நிறை கூடும். குழவியைக் கல்லின் குழிக்குள் விடாமல் சாக்கில் சுற்றித் தனியாக இறுக்குங்கள். லொறி குலுங்கும்போது உடைவது குழியின் விளிம்புதான்.