திரையில்லாச் சேர்வரில் தமிழ் வரைபுகளை உருவாக்குதல்

வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் திருகோணமலையின் நாளாந்த மழைவீழ்ச்சியையும் கந்தளாய்க் குளத்தின் நீர்மட்டத்தையும் இணையத்தளத்தில் வரைபாகக் காட்ட விரும்புவோருக்குப் பைதன் நிரல்மொழியும் அதில் வரைபுகளை வரைய உதவும் மேட்பிளாட்லிப் நூலகமும் போதுமானவை. ஆயினும், மடிகணினியில் ஒழுங்காக இயங்கிய நிரல், திரை பொருத்தப்படாத லினக்ஸ் சேர்வரில் பிழை காட்டி நின்றுவிடலாம். நிரல் சாளரம் ஒன்றைத் திறக்க முயல்வதும், அதற்கான காட்சி வசதி அங்கே இல்லாததுமே இதற்குக் காரணம்.

இதற்காக எக்ஸ்விஎஃப்பி போன்ற போலித் திரையை நிறுவ வேண்டியதில்லை. மேட்பிளாட்லிப்பிலேயே உள்ள 'ஆக்' என்னும் பின்தளம், அதாவது படத்தை வரைந்து தரும் உட்பகுதி, சாளரம் திறக்காமலே படத்தை நினைவகத்தில் வரைந்துவிடும். எம்பிஎல்பேக்எண்ட் என்ற சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே, இயங்குதளத்தில் குறித்துவைக்கும் அமைப்பில்) அதன் பெயரைக் குறித்தால் போதும். 2018இல் வெளியான 3.0 பதிப்பு முதல், பின்தளம் எதுவும் குறிக்கப்படாமல், திரையும் இல்லாவிட்டால், மென்பொருள் தானாகவே 'ஆக்'குக்கு மாறிக்கொள்ளும். எனினும் வெளிப்படையாக எழுதிவைப்பதே பின்னர் பராமரிப்பவருக்கு உதவும்.

மேட்பிளாட்லிப்பில் படங்களை எளிதாக வரைய உதவும் பைபிளாட் என்ற பகுதி, தான் திறந்த ஒவ்வொரு படத்தையும் மூடும்வரை நினைவில் வைத்திருக்கும். ஆதலால், நாட்கணக்கில் ஓடும் இணையச் செயலியில் அதைத் தவிர்த்து, படத்தைக் குறிக்கும் ஃபிகர் பொருளை நேரடியாக உருவாக்கிச் சேமிப்பதே பாதுகாப்பானது.

நம்மவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது தமிழ் எழுத்து. சேர்வரில் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை நிறுவாவிட்டால் வெறும் கட்டங்களே தோன்றும். நிறுவிய பின்னரும், மேட்பிளாட்லிப்பின் பல பதிப்புகள் எழுத்துகளைச் சேர்த்து உருவமைக்காமல் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குவதால், 'டிசெம்பர்' என்பதில் சகரத்துக்கு முன் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னே போய்விடும். ஊர் மக்களுக்காக வரையும் படத்தில் எழுத்து சிதைந்திருப்பதைச் சிறு குறையென விட்டுவிடக் கூடாது. படத்தைப் புள்ளிகளாக அன்றி வரைவுக் குறிப்புகளாக வைத்திருக்கும் எஸ்விஜி வடிவில் சேமித்து, மேட்பிளாட்லிப்பின் எஸ்விஜி ஃபொண்ட்டைப் என்ற அமைப்பை 'நன்' (எதுவுமில்லை என்னும் ஆங்கிலச் சொல்) என மாற்றினால், எழுத்து கோடுகளாக மாறாமல் எழுத்தாகவே தங்கும். உலாவி அதைச் சரியாக உருவமைத்துக் காட்டும். வாட்ஸ்அப்பில் பகிர்வதற்குப் பிஎன்ஜி என்ற சாதாரணப் படக்கோப்பு வேண்டுமெனில், அதே கோப்பை ஆர்எஸ்விஜி கன்வேர்ட் கருவியால் மாற்றலாம். அது பாங்கோ நூலகத்தைக் கொண்டு எழுத்தை உருவமைப்பதால் கொம்புகள் இடம் மாறுவதில்லை; அதற்கும் திரை தேவையில்லை.

இலங்கையில் நாளாந்த மழைவீழ்ச்சி காலை 8.30 மணியுடன் முடியும் 24 மணித்தியாலங்களுக்கே கணக்கிடப்படுகிறது. எனவே வாசகர் வரும்போதெல்லாம் படத்தைப் புதிதாக வரையாமல், தரவு கிடைத்த பின், குறித்த நேரத்தில் நிரலைத் தானாக இயக்கும் கிரான் பணியொன்றின் மூலம் நாளுக்கு ஒருமுறை வரைந்து, அந்தக் கோப்பையே அனைவருக்கும் வழங்கலாம்.