பழைய படகில் எரிபொருள் கசிவு: ஊற்றுக்கண்ணைக் கண்டுபிடிக்கும் வழி

பழைய படகுகளின் இன்ஜின், டேங்க் வேலைதான் என் பிழைப்பு. "உள்ளே பெட்ரோல் வாடை அடிக்குது, வந்து பாருங்க" என்று யார் கூப்பிட்டாலும், அந்த வாடை எப்போது அடிக்கிறது என்பதைத்தான் முதலில் கேட்பேன். டேங்கை நிரப்பிய அன்றா, இன்ஜின் ஓடும்போதா, கட்டிப்போட்டு நாலு நாள் ஆன பிறகா? சொட்டு தேங்கி நிற்கும் இடத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டேங்கின் தலைப்பக்கம் கசிந்தது அடித்தளத்தின் ஓரமாகவே வழிந்து, கடையால் பக்கம், அதாவது படகின் பின்பக்கம், இன்ஜினுக்குக் கீழே வந்து நிற்கும். பழி இன்ஜின்மேல் விழும்.

தேடுவதற்கு முன் உயிர்ப் பாதுகாப்பு. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாமல் படகின் அடியில் படியும். காற்றில் ஏறக்குறைய 1.4 சதவீதம் கலந்தாலே தீப்பற்றும். அதனால் வாடை பலமாக இருந்தால் எல்லோரையும் கரையில் இறக்கிவிடுங்கள். படகின் தளத்து மூடிகளையெல்லாம் திறந்துபோட்டு, காற்று தானாக உள்ளே புகுந்து வெளியேற விடுங்கள். உள்ளே ஒரு சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். கரையிலிருந்து மின்சாரம் வந்தால் அதைக் கரையிலேயே நிறுத்துங்கள். ஆவி போகும்வரை பேட்டரி முனையைக் கழற்றாதீர்கள். அந்த ஒரு பொறி போதும். அடியில் பெட்ரோல் தேங்கியிருந்தால் எண்ணெய் உறிஞ்சும் விரிப்பால் கையாலேயே ஒற்றி எடுங்கள். பம்ப் போட்டுத் தண்ணீரில் இறைப்பது ஆபத்து, அநியாயமும்கூட. டீசல் இவ்வளவு எளிதில் பற்றாது. ஆனால் டீசலை மிகுந்த அழுத்தத்தில் இன்ஜினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் குழாயில் கசிவைக் கைவிரலால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஒரு அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இனி, வாடை எப்போது அடிக்கிறது என்ற அந்தக் கேள்விக்கு வருவோம்.

நிரப்பிய அன்று மட்டும் வாடை என்றால் கோளாறு டேங்கின் மேல்பக்கம்தான்: நிரப்பும் ஹோஸ், காற்றுக்குழாய், அளவு காட்டும் மிதவையின் தட்டு. பழைய படகில் நான் முதலில் சந்தேகப்படுவது இந்த மிதவைத் தட்டைத்தான். டேங்கின் தலையில் ஐந்து திருகாணிகளோடு வட்டமாக உட்கார்ந்திருக்கும். அதன் கீழே இருக்கும் கார்க் அல்லது ரப்பர் கேஸ்கெட் வருடக்கணக்கில் காய்ந்து, நகத்தால் கீறினால் பொடியாக உதிரும். டேங்க் முக்கால் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. முழுக்க நிரப்பிப் படகு ஆடும்போது ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கொஞ்சம் ததும்பும். தட்டைச் சுற்றி மட்டும் தூசி ஈரமாகி, கறுத்த வளையமாகத் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். திருகாணியை இன்னும் இறுக்கி ஒப்பேற்றாதீர்கள், கேஸ்கெட்டை மாற்றுங்கள்.

நிரப்பும் ஹோஸ் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத சுவருக்குப் பின்னால் போகும். கிளிப்பைத் தளர்த்தி, அது அழுத்திக்கொண்டிருந்த இடத்தைப் பாருங்கள். வெடிப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். சொட்டே இல்லாமல் வாடை மட்டும் வந்தால், உலர்ந்த சுத்தமான துணியால் ஹோஸை நீளமாகத் துடைத்து, வெளியே வந்து அந்தத் துணியை முகர்ந்து பாருங்கள். துணியில் பெட்ரோல் வாடை இருந்தால் ரப்பரின் ஊடாகவே ஊறி வருகிறது. அந்த ஹோஸின் காலம் முடிந்தது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை இன்னும் சீக்கிரம் கெடுக்கும். இன்ஜினுக்குப் போகும் ஹோஸுக்கு ஏ1-15 என்று அச்சிட்ட கடல்தரத்தையே வாங்குங்கள். அது இரண்டரை நிமிடம் தீயைத் தாங்கும்படி சோதிக்கப்பட்டது. காருக்கு விற்கும் ஹோஸ் இங்கே உதவாது.

இன்ஜின் ஓடும்போது மட்டும் கசிந்தால் எரிபொருள் பம்புக்கு அப்பால், இன்ஜின் பக்கம் தேடுங்கள். பழைய பெட்ரோல் இன்ஜினில் எரிபொருள் குழாய் அல்லாமல், பம்பிலிருந்து கார்புரேட்டருக்கு ஒரு கண்ணாடிபோன்ற சிறு குழாயும் போகும். அதற்குள் பெட்ரோல் தெரிந்தால் பம்பின் சவ்வு கிழிந்துவிட்டது. டீசலில் அதே சவ்வு கிழிந்தால் வெளியே சொட்டு விழாமலே போகலாம். டீசல் இன்ஜின் ஆயிலுக்குள் இறங்கும். ஆயில் அளவு குறையாமல் ஏறிக்கொண்டே வந்தால் உடனே நிறுத்துங்கள்.

இன்ஜின் திணறுகிறது, ஆனால் சொட்டு இல்லை என்றால் டேங்குக்கும் பம்புக்கும் நடுவில் பாருங்கள். அங்கே ஓடும்போது எரிபொருள் வெளியே வராது, காற்று உள்ளே போகும்; நிறுத்திய பிறகுதான் சொட்டும்.

இதிலும் பிடிபடவில்லையா? படகின் டேங்கைத் துண்டித்து, கையில் தூக்கும் சிறு டேங்கிலிருந்து இன்ஜினை ஓட்டுங்கள். டீசலானால், மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பிவரும் குழாயையும் அதிலேயே விடுங்கள். கசிவு நின்றால் குற்றம் டேங்க் பக்கம், நிற்காவிட்டால் இன்ஜின் பக்கம். பிறகு அந்தப் பக்கத்து இணைப்புகளை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒவ்வொன்றிலும் வெள்ளைத் திசுத்தாளைச் சுற்றிக் கட்டுங்கள். முதலில் நனைந்த தாளைப் பாருங்கள். அதற்குக் கீழே நனைந்தவை வழிந்ததால் நனைந்தவையாக இருக்கலாம்.

டேங்கே ஓட்டை என்ற சந்தேகம் வந்தால் அளவுக்கோலை விட்டுத் தினமும் மட்டத்தைக் குறியுங்கள். எந்த மட்டத்தில் இறங்குவது நிற்கிறதோ, ஓட்டை அந்த உயரத்தில். அலுமினிய டேங்க், ஈரம் பிடித்த ஃபோமோ கம்பளமோ ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தில்தான் குழிகுழியாக அரிக்கும். காலிசெய்த டேங்கைக் காற்றழுத்தத்தில் சோதிப்பதானால் கைப்பம்ப் மட்டும், 3 பிஎஸ்ஐக்கு மேல் வேண்டாம், நிழலில் செய்யுங்கள். வெயில் பட்டால் அழுத்தம் தானாக ஏறிக் கணக்கைக் குழப்பும். இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்க யாரையும் விடாதீர்கள். உள்ளே நிற்கும் ஆவிதான் வெடிக்கும். அரித்த டேங்கை மாற்றுவதே என் தீர்ப்பு, செலவானாலும்.

சரிசெய்த பிறகு டேங்கைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்புங்கள், ஒருவர் மேலே, ஒருவர் உள்ளே இணைப்புகளைப் பார்த்தபடி. ஒரு இரவு இன்ஜின் அறையை மூடிவைத்து, மறுநாள் அதன் மூடியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பாருங்கள். வாடை இல்லையென்றால், இன்ஜின் அறையின் ஆவியை வெளியே தள்ளும் காற்றாடியை நாலு நிமிடமாவது ஓடவிட்டு, அதற்குப் பிறகு சாவியைத் திருப்புங்கள்.