வயிற்றுப் பிள்ளையோடு வெளிநாடு கிளம்புமுன்: நெல்லைக்காரர்களுக்கு ஒரு வாரக் கணக்கு

"ஏழாம் மாசம் வளைகாப்பை முடிச்சு அனுப்பி வைக்கிறோம்" என்பார்கள் பெண் வீட்டார். இங்கிலாந்தில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையும் தலையாட்டிவிடுவார். டிக்கெட் போடும்போதுதான் சிக்கல் தெரியும். வீட்டுக் கணக்கில் ஏழாம் மாதம் என்பது 26 வாரமாகவும் இருக்கலாம், 30 வாரமாகவும் இருக்கலாம். விமான நிறுவனம், ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, அங்குள்ள மருத்துவமனைப் பதிவு எல்லாமே வாரத்தில்தான் நடக்கின்றன. ஆகவே முதல் வேலை, வாரக் கணக்குக்கு மாறுவது.

கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து நாட்களை எண்ணி ஏழால் வகுக்க வேண்டும். அது ஜனவரி 5 என்று வையுங்கள். ஜூலை 20 அன்று சரியாக 28 வாரம். அப்போது ஆடி பிறந்திருக்கும். "ஆவணியில போகட்டும்" என்று ஆச்சி சொல்வார்கள். ஆகஸ்ட் 17 ஆவணி முதல் நாள் என்றால் அன்றைக்கு 32 வாரம். செப்டம்பர் 14-இல் 36 வாரம். ஒற்றைக் கரு என்றால் பெரும்பாலான விமானங்களில் அதற்கு மேல் ஏற்றுவதில்லை. இரட்டைக் குழந்தை என்றால் 32-உடன் கதவு மூடிவிடும். ஆடியை மதிப்பது அவரவர் விருப்பம். அந்த நான்கு வாரத்துக்கு என்ன விலை என்பது தெரிந்து மதிக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் மூன்று மாத ஸ்கேனில் வந்த பிரசவத் தேதியும் மாதவிடாய்க் கணக்கும் வேறுபட்டால் மருத்துவர் எதை உறுதி செய்தாரோ அதையே எல்லாக் காகிதத்திலும் எழுதச் சொல்லுங்கள். ஒரு சீட்டில் அக்டோபர் 12, இன்னொன்றில் அக்டோபர் 24 என்றிருந்தால் விமான நிலையக் கவுன்டரில் வாதாட முடியாது.

பயணத்துக்கு நல்ல காலம் 14 முதல் 27 வாரம். வாந்தி அடங்கியிருக்கும், வயிறும் பெரிதாகியிருக்காது. அதற்கு முன்னே போயே ஆக வேண்டும் என்றால், கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஒரு ஸ்கேனில் உறுதி செய்யாமல் ஏறக் கூடாது. கருக்குழாயில் தங்கிய கரு நடுவானில் வெடித்தால் அங்கே எதுவும் செய்ய முடியாது.

காகிதக் கட்டு

கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிந்து பெற்ற 12 இலக்க ஆர்.சி.எச். எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) தாய் சேய் நலப் புத்தகமும் வெளிநாட்டில் எதற்கு என்று பலர் பரணில் போட்டுவிடுகிறார்கள். எண் அங்கே உதவாது, உண்மைதான். ஆனால் திட்டம் மாறி, பிள்ளைப்பேறு இங்கேயே என்றானால் பிறப்புச் சான்றிதழுக்கு அந்த எண் வேண்டும். எடுத்து வையுங்கள், கிளம்பும்போது செவிலியரிடமும் சொல்லிவிட்டுப் போங்கள். இல்லையென்றால் மாதாமாதம் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்.

அடுத்தது பெயர். நம் ஊர் ஸ்கேன் சென்டரில் "திருமதி பி. இசக்கியம்மாள், வயது 26" என்று அச்சாகும். பாஸ்போர்ட்டில் "இசக்கியம்மாள் பேச்சிமுத்து" என்றிருக்கும். சில அறிக்கைகளில் கணவர் பெயர் இன்ஷியலாகி "எம். இசக்கியம்மாள்" என்றும் வரும். வெளிநாட்டு மருத்துவமனை நோயாளியை அடையாளம் காண்பது முழுப்பெயரும் பிறந்த தேதியும் வைத்துத்தான். வயது மட்டும் போட்ட அறிக்கை உங்களுடையதுதான் என்று அவர்கள் நம்பத் தேவையில்லை. எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்வார்கள். எனவே ஒவ்வொரு முறையும் ரிசப்ஷனில் பாஸ்போர்ட் நகலை நீட்டி, அதில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் அடிக்கச் சொல்லுங்கள்.

காகிதக் கட்டில் இருக்க வேண்டியவை: முதல் ஸ்கேன், 11–14 வார ஸ்கேன், 18–20 வார உறுப்பு ஸ்கேன்; ரத்த வகை; ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு; எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, வி.டி.ஆர்.எல். (மேகநோய்ப் பரிசோதனை) முடிவுகள், டி.டி. (தனுர்வாத) ஊசி போட்ட தேதிகள். ஒவ்வொரு செக்கப்பிலும் எடுத்த ரத்த அழுத்தமும் எடையும். மருத்துவர் ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிய சுருக்கம். மாத்திரைகளுக்குக் கம்பெனிப் பெயரோடு மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். ஸ்கேன் படங்கள் சூட்டில் கறுத்துப்போகும் தாளில் இருக்கும். போனில் படமெடுத்து மின்னஞ்சலிலும் வையுங்கள். கட்டு கைப்பையில் போகட்டும், செக்-இன் பெட்டியில் வேண்டாம்.

இரண்டு பேருக்குக் கூடுதல் காகிதம் உண்டு. முந்தைய பிரசவம் சிசேரியன் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி கட்டாயம். அதில் "எல்.எஸ்.சி.எஸ்." என்ற நான்கு எழுத்து இருக்கிறதா பாருங்கள். கர்ப்பப்பையின் கீழ்ப் பகுதியில் வெட்டியது என்று பொருள். மேலே நெடுக்காக வெட்டியிருந்தால் அடுத்த முறை வலி வர விடுவது ஆபத்து. வெளியே தெரியும் தழும்பை வைத்து உள் வெட்டைச் சொல்ல முடியாது. நெல்லை அரசு ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆனாலும் பழைய சம்மரியின் நகலை ஊரில் இருக்கும்போதே கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது, நெகட்டிவ் ரத்த வகைக்காரர்கள். பிள்ளையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடலில் எதிர்ப்பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி இங்கே போட்டிருந்தால் தேதியும் அளவும் எழுதியிருக்க வேண்டும். இங்கே 300 மைக்ரோகிராம் என்பது அங்கே 1500 யூனிட். ஊசி போட்டபின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருப்பதாகவே பரிசோதனை காட்டும். ஊசி விவரம் தெரியாத மருத்துவர் அதை நோயென்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

எண்களும் வேறு உடை உடுத்தும். நம் அறிக்கையில் ஹீமோகுளோபின் 10.2 என்றால் இங்கிலாந்தில் 102. சர்க்கரையை 18-ஆல் வகுக்க வேண்டும்: இங்கே 140 என்பது அங்கே 7.8. அங்குள்ள தாளில் 5.1 என்று பார்த்துவிட்டுச் சர்க்கரை தரைமட்டத்துக்குப் போய்விட்டதென்று ஊருக்குப் போன் போட வேண்டாம். அது 92.

விமானம்

28 வாரத்துக்கு மேல் பல நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். சில 32 வரை கேட்பதில்லை. இரண்டு நிறுவனங்களில் மாறிப் போவதானால் இரண்டில் கடுமையான விதியே உங்கள் விதி. பயண நாளன்று எத்தனை வாரம் என்பதுதான் கணக்கு, டிக்கெட் வாங்கிய நாள் அல்ல. கடிதத்தில் ஒற்றைக் கருவா இரட்டையா, பிரசவத் தேதி, பயண நாளில் வாரம், சிக்கல் இல்லை, பறக்கத் தகுதி உண்டு என்ற வரிகளும் மருத்துவரின் கையெழுத்து, முத்திரை, பதிவு எண்ணும் வேண்டும். மருந்துச்சீட்டில் ஒரே வரியில் "பயணம் செய்யலாம்" என்று கிறுக்கி வாங்கி வருவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. எத்தனை நாளுக்குள் எழுதிய கடிதம் செல்லும் என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஹீமோகுளோபின் 7.5-க்குக் கீழ் இருந்தாலோ, அண்மையில் ரத்தப்போக்கு இருந்தாலோ, குறைப்பிரசவ அபாயம் சொல்லப்பட்டிருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் டிக்கெட்டைத் தொடாதீர்கள்.

நெல்லையிலிருந்து திருவனந்தபுரம் போய் வளைகுடா வழியாக மாறினால் நீண்ட பயணத்தை இரண்டாக உடைக்கலாம். வாகைக்குளத்தில் உள்ள தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து சென்னை போய் ஏறுவோரும் உண்டு. எதுவானாலும் நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடும். நடைபாதை ஓர இருக்கை, அளவெடுத்த இறுக்கக் காலுறை, அரை மணிக்கொருமுறை கணுக்காலைச் சுழற்றல், தண்ணீர். பெல்ட் வயிற்றுக்குக் கீழே, தொடைமேல் படிய வேண்டும். போய்ச் சேர்ந்தபின் ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றைக்கே மருத்துவமனை.

இங்கிலாந்து

விசாவிலேயே ஒரு பொறி இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட விசாவுக்குக் காசநோய்ச் சான்று வேண்டும். அதற்கு எக்ஸ்ரே. கர்ப்பிணி வயிற்றுக்கு ஈயக் கவசம் போட்டு எக்ஸ்ரே எடுக்கலாம், அல்லது சளிப் பரிசோதனை கேட்கலாம். சளி முடிவு வர 8 வாரம் வரை ஆகும். 14-ஆம் வாரத்தில் கொடுத்தால் 22-இல் சான்று, பிறகு விசா முடிவுக்கு வழக்கமாக 3 வாரம், 25 ஆகிவிட்டது. எதைத் தேர்வது என்று மருத்துவரிடம் முன்கூட்டியே பேசி வைக்காதவர்கள்தான் 34-ஆம் வாரத்தில் பெட்டி கட்டுகிறார்கள்.

விசாவோடு கட்டும் சுகாதாரக் கட்டணம் பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு. ஹெல்த் அண்ட் கேர் விசாவில் போகும் நர்சுகளுக்கும் அவர்களைச் சார்ந்து போகிறவர்களுக்கும் அது கிடையாது. இரு தரப்புக்கும் என்.எச்.எஸ். எனும் அங்குள்ள அரசு மருத்துவச் சேவையில் பிரசவம் இலவசம். விசிட் விசாவில் போனால் கதை வேறு: அரசு நிர்ணய விலையில் 150 சதவீதம் பில் வரும். பணம் இல்லையென்று பிரசவம் பார்க்க மறுக்க மாட்டார்கள். ஆனால் 500 பவுண்டுக்கு மேல் கடன் நின்றால் உள்துறைக்குத் தகவல் போகும். அடுத்த விசா அங்கே முட்டும்.

போய் இறங்கிய வாரத்திலேயே இரண்டு வேலை. ஒன்று, வீட்டுக்கருகே ஜி.பி. (குடும்ப மருத்துவர்) கிளினிக்கில் பதிவு. முகவரிச் சான்று இல்லையென்று திருப்பி அனுப்பினால், பதிவுக்கு அது கட்டாயமில்லை என்று நிதானமாகச் சொல்லுங்கள். இரண்டு, ஜி.பி.க்குக் காத்திராமல் மருத்துவமனையின் மகப்பேறு பிரிவில் நேரடியாகப் பதிவது. பெரும்பாலும் இணையத்திலேயே படிவம் இருக்கும். 10 வாரத்துக்குள் முதல் சந்திப்பு நடக்க வேண்டும் என்பது அவர்கள் முறை. தாமதமாகப் போகிறவர்கள் படிவத்தை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. போன் செய்து, இத்தனை வாரம், இப்போதுதான் நாட்டுக்கு வந்தேன், இன்னும் பதியவில்லை என்று சொல்ல வேண்டும். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், இலவசம். கணவரே மொழிபெயர்ப்பதை அவர்கள் விரும்புவதில்லை. தனியே கேட்க வேண்டிய கேள்விகள் அவர்களிடம் உண்டு.

அங்கே உங்களைப் பார்ப்பவர் பெரும்பாலும் மிட்வைஃப் எனும் பேறுகால நிபுணர், டாக்டர் அல்ல. சிக்கல் இல்லாத தலைப்பிரசவத்துக்குச் சுமார் 10 சந்திப்பு, இரண்டு ஸ்கேன். மாதாமாதம் ஸ்கேன் பார்த்துப் பழகிய நம் ஊர்க் கண்ணுக்கு இது கவனிப்பின்மை போலத் தெரியும். அப்படியில்லை. தெற்காசியர் என்பதால் சர்க்கரைப் பரிசோதனை 24–28 வாரத்தில் உண்டு, அங்கே அது வெறும் வயிற்றில். கக்குவான் தடுப்பூசி 16 வாரத்திலிருந்து, ஆர்.எஸ்.வி. (கைக்குழந்தையின் நுரையீரலைத் தாக்கும் வைரஸ்) தடுப்பூசி 28-லிருந்து. இங்கே போட்ட டி.டி. இவற்றுக்கு ஈடாகாது. மருந்துக்கும் பல் சிகிச்சைக்கும் கட்டணமில்லாத மகப்பேறு விலக்குச் சான்றை மிட்வைஃபிடம் கேளுங்கள். பிரசவத் தேதியாகக் குறித்த நாளிலிருந்து 12 மாதம் வரை செல்லும். 20 வார ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டால் அங்கே சொல்லக்கூடும். சொல்ல வேண்டாம் என்றால் முன்னரே சொல்லிவிடுங்கள்.

மகப்பேறு ட்ரியாஜ் (அவசர உதவிப் பிரிவு) எண்ணை முதல் நாளே போனில் சேமியுங்கள். குழந்தை அசைவு குறைந்தாலோ, ரத்தமோ நீரோ போனாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ நள்ளிரவானாலும் அந்த எண்ணுக்குத்தான் முதலில். விடியட்டும் என்று இருக்கக் கூடாது.

வளைகுடா

வளைகுடா போய்ப் பழகிய மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் இதைச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, ஆனாலும் இரண்டு விஷயம். அமீரகத்தில் மனைவியைக் குடும்ப விசாவில் அழைக்கத் திருமணச் சான்று வேண்டும். அது மாநில அரசு, இந்திய வெளியுறவு அமைச்சகம், அமீரகத் தூதரகம், பிறகு அங்குள்ள வெளியுறவு அமைச்சகம் என்று நான்கு முத்திரை வாங்கியிருக்க வேண்டும். ஜமாத் நிக்காஹ் புத்தகத்தையும் கோயில் ரசீதையும் வைத்துக்கொண்டு சார்பதிவாளரிடம் பதியாமல் விட்டவர்கள் இந்த இடத்தில்தான் மாதங்களை இழக்கிறார்கள்.

மற்றொன்று காப்பீடு. விசிட் விசாவில் போய் இறங்கினால் பிரசவச் செலவு உங்களுடையது. கணவரின் கம்பெனிக் காப்பீட்டில் மனைவி உண்டா என்று கேட்டால் மட்டும் போதாது. காத்திருப்புக் காலம் எவ்வளவு, ஏற்கெனவே கர்ப்பமாகச் சேர்ந்தால் செல்லுமா, சுகப்பிரசவத்துக்கும் சிசேரியனுக்கும் உச்சவரம்பு எவ்வளவு, நம் கைக்காசு எத்தனை சதவீதம், எந்த மருத்துவமனை என்று ஐந்தையும் எழுத்தில் வாங்குங்கள். துபாயில் பிறந்த குழந்தைக்கு முதல் 30 நாள் தாயின் காப்பீடே செல்லும். அமீரகத்தில் 120 நாளுக்குள் குழந்தைக்கு விசா எடுக்காவிட்டால் நாள் கணக்கில் அபராதம்.

பேறுகாலம் பார்க்க வரும் அம்மா

அம்மாவின் இங்கிலாந்து விசிட் விசா அதிகபட்சம் ஆறு மாதம். 37-ஆம் வாரத்தையொட்டி வந்து சேர்ந்தால் போதும். 30-இலேயே வரவழைத்தால், தேவைப்படும் நேரத்தில் கிளம்ப வேண்டியிருக்கும். பயணக் காப்பீடு எடுங்கள், அவர்களுக்கு என்.எச்.எஸ். இலவசமில்லை. பெட்டியில் கருவாடு போகலாம். நெய்யும் ஆட்டிறைச்சி ஊறுகாயும் போகாது. பிரசவ மருந்து, லேகியம் கொண்டு வந்தால் என்ன சேர்ந்தது என்று மிட்வைஃபிடம் சொல்லிவிட்டுக் கொடுங்கள், குறிப்பாக ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள்.

குழந்தை பிறந்ததும் இங்கிலாந்தில் 42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். பெற்றோரில் ஒருவராவது பிரிட்டிஷ் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ பெற்றிருந்தால் தவிர, அங்கே பிறந்ததால் மட்டும் குடியுரிமை கிடைக்காது. ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்து பாஸ்போர்ட் எடுங்கள். அங்கேயே இருக்கும்வரை குழந்தைக்கு விசா இல்லாதது உறைக்காது. திருச்செந்தூரில் முடியிறக்க ஊருக்குக் கொண்டுவந்தால், திரும்பிப் போக விசா வேண்டும். மொட்டைக்கு நாள் குறிப்பதற்கு முன் அந்த விண்ணப்பத்துக்கு நாள் குறியுங்கள்.