பேரப்பிள்ளைங்க செஸ் போட்டிக்கு துணைக்கு போறீங்களா, இத படிச்சிட்டு போங்க

கூட போறவங்களுக்கு செஸ் தெரியணும்னு அவசியமே இல்ல, எனக்கும் தெரியாது, ஆனா பேத்தியோட ஒரு போட்டிய கூட நான் விட்டதில்ல.

அரை மணி முன்னாடியே போயிடுங்க, லேட்டானா பிள்ளை யோசிக்கற நேரத்த கணக்கு பண்ற ஆட்ட கடிகாரம் அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கும். போன், ஸ்மார்ட் வாட்ச் எல்லாம் வாசல்லயே வாங்கி வச்சுக்கோங்க, பைல மறந்து இருந்தா ஆட்டமே போயிடலாம். ரவுண்டு நடக்கறப்போ பெரும்பாலும் நம்மள உள்ள விடமாட்டாங்க, நிழலா பாத்து உக்காந்துக்கோங்க.

சுவிஸ் முறைல முதல் ரவுண்டு தோத்தாலும் வீட்டுக்கு போக வேண்டாம், கிட்டத்தட்ட அதே பாயிண்ட்ல இருக்கற பிள்ளையோட அடுத்த ஆட்டம் போடுவாங்க, இத முன்னாடியே சொல்லி வைங்க.

ரொம்ப முக்கியம் பிள்ளை வெளிய வர்ற அந்த 5 நிமிஷம் தான். ஜெயிச்சியான்னு கேக்காதீங்க, முகமே சொல்லிடும். போன தடவ எம்பேத்தி அவசரத்துல ராணிய தொட்டுட்டா, தொட்ட காய நகர்த்தியே ஆகணும், ஆட்டம் போச்சு, உதட்ட கடிச்சுக்கிட்டே வந்தா. நான் ஒண்ணும் பேசல, மாடிப்படில உக்கார வச்சு தண்ணி குடுத்து தயிர்சாதம் ஊட்டுனேன், மூணாவது வாய்ல அவளே சொல்ல ஆரம்பிச்சிட்டா. சில பேரு அங்கேயே வச்சு திட்றாங்க, பாக்கவே மனசு வலிக்குது, 20 நிமிஷத்துல அடுத்த ரவுண்டு, அந்த பிள்ளை எப்படிங்க விளையாடும்?

பரிசு இல்லாட்டியும் கடைசி வரைக்கும் இருந்து, கூட ஆடின பிள்ளைங்களுக்கு கை தட்டிட்டு கூட்டிட்டு வாங்க.