தாய்வழியில் வரும் எஸ்.எச்.2.டி.1.ஏ பிழை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செட்டிநாட்டில் ஒரு குடும்பத்தின் வம்சவழியைக் கேட்டால் முதலில் வருவது கோயில் பெயர்தான். இளையாற்றங்குடி, மாற்றூர், வைரவன்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சொன்னாலே பல தலைமுறைகள் பின்னோக்கிப் போய்விடலாம். ஆனால் அந்த வழி முழுவதும் தந்தைவழி. மணமாகிப் போகும் பெண் கணவரின் கோயிலில் சேர்ந்துவிடுகிறார், அவருடைய பிள்ளைகளும் அங்கேயே சேர்கிறார்கள். காரைக்குடியில் உயிரியல் கற்பிக்கும் நான் மரபணு நோய்களைப் பற்றிய பாடத்தை இதைச் சொல்லித்தான் தொடங்குகிறேன். எக்ஸ்.எல்.பி என்ற நோயெதிர்ப்புக் குறைபாட்டு நோயை உண்டாக்குவது எஸ்.எச்.2.டி.1.ஏ மரபணுவில் நேரும் பிழை. அது பெற்றோரிடமிருந்து ஆண் பிள்ளைக்கு வருமானால், அது தாயிடமிருந்தே வரும். ஆகவே கோயில் வழியைப் பிடித்துக்கொண்டு இந்த நோயின் வழியைத் தேடுவது முதல் தவறு.

இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே, அதைத் தருபவர் தாய். எனவே ஒரு பையனுக்கு இந்த நோய் உறுதியானால் விசாரிக்க வேண்டியது அம்மான்மாரையும், பெரியம்மா, சின்னம்மா வீட்டுப் பையன்களையும், ஆயாவின் (தாயைப் பெற்றவரின்) உடன்பிறந்த ஆண்களையும் பற்றித்தான். அவர்களில் சிறுவயதில் காய்ச்சல் கண்டு இறந்தவர்கள் உண்டா என்பதையும் கேட்க வேண்டும். இவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு கோயிலைச் சேர்ந்தவர்களாக இருக்கலாம் என்பதால், “எங்கள் பங்காளிகளில் யாருக்கும் இப்படி இல்லை” என்ற பதில் உண்மையாக இருந்தும் பயனற்றதாகிவிடுகிறது. பிள்ளை கூட்டிக்கொள்ளும் (தத்தெடுக்கும்) வழக்கம் உள்ள வீடுகளில் பெற்ற தாய் யார் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்து லட்சம் ஆண்களில் ஒருவருக்கு என்ற அளவில் மதிப்பிடப்படும் இந்த நோய் உலகெங்கும் காணப்படுவது. எந்த ஒரு சமூகத்துக்கும் உரியதன்று.

“சொந்தத்தில் கட்டியதால் வந்தது” என்று பழி சொல்வது அடுத்த தவறு. எஸ்.எச்.2.டி.1.ஏ போலவே செல்லுக்குள் சேதியைக் கொண்டு சேர்க்கும் அடாப்டர் புரதங்களை உருவாக்கும் பி.எல்.என்.கே போன்ற வேறு சில மரபணுக்களில் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பிழை வந்தால்தான் நோய் உண்டாகும். அங்கே நெருங்கிய உறவில் மணம் செய்வது வாய்ப்பைக் கூட்டும். இங்கேயோ தந்தையின் எக்ஸ் மகனுக்குப் போவதே இல்லை. ஆகையால் அத்தை மகனை மணந்திருந்தாலும் அயலாரை மணந்திருந்தாலும், பிழையைத் தாங்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதிதான். சில பையன்களில் பிழை புதிதாகவே தோன்றியிருக்கும் என்பதால் தாயையும் குற்றவாளியாக்கக் கூடாது.

“இவனுக்கு அந்த மரபணு இருக்கிறதாம்” என்ற பேச்சும் பிழையானது. அந்த மரபணு எல்லோருக்கும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

அது உருவாக்கும் எஸ்.ஏ.பி என்னும் புரதத்தில் இருப்பவை 128 அமினோ அமிலங்கள் மட்டுமே. மாணவர் பலர் இதை என்சைம் என்றோ எதிர்ப்பொருள் என்றோ எழுதிவிடுகிறார்கள். முகப்பில் வந்து நிற்பவரின் சேதியை அடுப்படிக்குக் கொண்டு சேர்ப்பவர் தாமே சமைப்பதில்லை. அவர் வேலை சேர்ப்பிப்பது. எஸ்.ஏ.பி புரதமும் நோயெதிர்ப்புச் செல்களான டி செல்களிலும் என்.கே செல்களிலும் ஸ்லாம் குடும்ப ஏற்பிகளின் உட்புற வாலைப் பற்றிக்கொண்டு, ஃபின் என்ற என்சைமை அங்கே அழைத்து வருகிறது. எஸ்.ஏ.பி இல்லாவிட்டால் சேதி நின்றுபோகும், அவ்வளவுதான் என்று நினைப்பது இன்னும் ஆழமான தவறு, ஏனெனில் சேதி தலைகீழாக மாறிவிடுகிறது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் புகுந்த பி செல்லை என்.கே செல் தன் 2பி4 ஏற்பியால் தொட்டறியும்போது, எஸ்.ஏ.பி இருந்தால் “கொல்” என்றும், இல்லாவிட்டால் “விடு” என்றும் கட்டளை பிறக்கிறது. பெரியவர்களில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் உடலில் ஓசையின்றிக் குடியிருக்கும் ஒரு வைரஸ் இந்தப் பையன்களின் உயிருக்கே உலையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

1975இல் பர்டிலோ என்ற மருத்துவர் ஒரே குடும்பத்துப் பையன்களிடம் இந்த நோயை விவரித்தார். மரபணு கண்டறியப்பட்டது 1998இல். ஒரே பிழை ஒரே வீட்டில் வெவ்வேறு முகம் காட்டும் என்பதை இன்றும் பலர் மறந்துவிடுகிறார்கள். அண்ணனுக்கு வைரஸ் காய்ச்சலும் கல்லீரல் செயலிழப்பும், தம்பிக்கு இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்பொருள்) குறைவு, அம்மானுக்கு லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்று வரும்போது மூன்றையும் தனித்தனி நோய்களாக எழுதிவைத்தால் காலம் வீணாகிவிடும். வைரஸ் தொற்றாமலேயே நோய் வெளிப்படுவதும் உண்டு என்பதால், “வைரஸ் இல்லை, ஆகவே இது இல்லை” என்றும் முடிவுகட்டக் கூடாது.

பரிசோதனையில் நேரும் தவறுகளே எனக்கு மிகுந்த கவலை தருபவை. எதிர்ப்பொருளைச் சரியாக உருவாக்க இயலாத பையனிடம் வைரஸுக்கான எதிர்ப்பொருளைத் தேடினால் ‘இல்லை’ என்று வரலாம். இம்யூனோகுளோபுலின் ஊசி போட்ட பிறகு தேடினால், நன்கொடையாளர்களின் எதிர்ப்பொருள் கலந்திருப்பதால் ‘உண்டு’ என்று வரலாம். இரண்டையும் நம்ப முடியாது, வைரஸின் டி.என்.ஏவை பி.சி.ஆர் முறையில்தான் தேட வேண்டும். அதுபோலவே, செல்களில் ஒரு புரதம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி சோதனையில் எஸ்.ஏ.பி புரதம் தென்பட்டுவிட்டது என்பதோடு நின்றுவிடக் கூடாது. சில பிழைகளில் புரதம் இருக்கும், வேலை மட்டும் செய்யாது; மரபணு வரிசையைப் படித்தால்தான் அது தெரியும்.

நோயை வேரோடு தீர்ப்பது ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை. அப்போது தம்பியின் செல்கள் பொருந்துகின்றன என்ற மகிழ்ச்சியில் அவனுடைய எஸ்.எச்.2.டி.1.ஏ மரபணுவைச் சோதிக்க மறந்துவிடக் கூடாது. தாய் பிழையைத் தாங்குபவராக இருந்தால், நலமாக ஓடியாடும் அந்தத் தம்பியிடமும் அதே பிழை இருக்கப் பாதி வாய்ப்பு உண்டு; அப்படியிருந்தால் அவன் கொடுக்கும் செல்களால் அண்ணன் குணமாக மாட்டான், தம்பிக்கும் வேறொருவரிடமிருந்து செல்கள் தேவைப்படலாம்.