அமைதிக் குழுவில் உட்காரும் பாய்மார்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் மண்ணடி, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் பள்ளிவாசல் ஜமாஅத் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வருவது புதிதல்ல. விநாயகர் சதுர்த்தி ஊர்வலத்துக்கு முன்னால் ஒரு அமைதிக் குழுக் கூட்டம், பாபர் மசூதி இடிக்கப்பட்ட டிசம்பர் 6 நெருங்கினால் இன்னொன்று. பிளாஸ்டிக் நாற்காலி, டீ, பிஸ்கட், பதிவேட்டில் பெயர், செல் நம்பர், கையெழுத்து. அதுவரை பிரச்சினை இல்லை. கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்த பிறகு மஃப்டியில் ஒருவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, "பாய், உங்க ஏரியால நம்ம பள்ளிக்கு வராம தனியா தொழுற பசங்க யாராவது இருக்காங்களா?" என்று கேட்பார் பாருங்கள், தவறுகளெல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன.

தீவிரவாதத் தடுப்புக்காக முஸ்லிம்களை ஆலோசகர்களாக வைத்துக்கொள்வதில் நிறைய அடிபட்டு, நிறைய சண்டையும் போட்ட நாடு பிரிட்டன். 2003ல் உருவான 'கான்டெஸ்ட்' என்ற பயங்கரவாத எதிர்ப்புத் திட்டத்தில், ஆட்கள் அந்தப் பக்கம் போகாமல் முன்கூட்டியே தடுப்பதற்கான பிரிவு 'பிரிவென்ட்'. 2005 ஜூலை 7 லண்டன் குண்டுவெடிப்பில் 52 பேர் இறந்த பிறகு அது சூடுபிடித்தது. பெண்களுக்கு ஒரு ஆலோசனைக் குழு, இளைஞர்களுக்கு ஒன்று, இமாம்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் ஒரு வாரியம் என்று வரிசையாக வந்தன. அவர்கள் பட்டதைப் பார்த்தால் நம்மாட்கள் எங்கே வழுக்குவார்கள் என்று தெரிந்துவிடும்.

அரசு கூப்பிட்டதாலேயே சமுதாயத்தின் பிரதிநிதி ஆகிவிட்டதாக நினைப்பது பெரிய தவறு. பிரிட்டன் முஸ்லிம் கவுன்சில் 1997லிருந்து இருக்கிறது, ஒரு காலத்தில் அமைச்சர்களோடு சகஜமாகப் பேசிக்கொண்டிருந்த அமைப்பு. அதன் துணைப் பொதுச்செயலாளர் காசா விவகாரத்தில் ஒரு பிரகடனத்தில் கையெழுத்துப் போட்டார் என்று 2009 மார்ச்சில் அரசு உறவை முறித்துக்கொண்டது. கூப்பிடுவதும் அவர்கள் இஷ்டம், வெட்டிவிடுவதும் அவர்கள் இஷ்டம். நம்மூரிலும் பார்த்தோமே, 2020 பிப்ரவரி 14 அன்று பழைய வண்ணாரப்பேட்டையில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராக உட்கார்ந்தவர்கள் மீது தடியடி நடந்தது. போலீஸ் உயரதிகாரிகளோடு பேச அமைப்புகளின் தலைவர்கள் போனார்கள். தெருவில் உட்கார்ந்திருந்த பெண்கள் அதற்காக எழுந்துவிடவில்லை, கொரோனா வரும் வரை போராட்டம் நடந்தது. இத்தனைக்கும் அந்தப் பெண்களில் ஒருவரைக்கூட எந்த அமைதிக் குழுவுக்கும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது பணம். எந்தக் கணக்கிலிருந்து வருகிறது என்று கேட்காமல் வாங்கிவிடுவது. பிரிவென்ட் பணத்தை ஆரம்பத்தில் உள்ளாட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும்போது எந்த ஊரில் எத்தனை முஸ்லிம்கள் என்பதைத்தான் பார்த்தார்கள். விளையாட்டுப் பயிற்சி, இளைஞர் மன்றம் எல்லாம் பயங்கரவாதத் தடுப்பு நிதியில் ஓடின. பந்து உதைக்க வந்த பையன் தனக்கே தெரியாமல் 'ஆபத்தானவன்' பட்டியலின் ஓரத்தில் நின்றான். 2010ல் பர்மிங்காமில் நடந்தது இன்னும் மோசம். முஸ்லிம்கள் அதிகம் வசிக்கும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளைச் சுற்றி 200க்கும் மேற்பட்ட கேமராக்கள், அதில் சில மறைத்து வைத்தவை. திருட்டு, ரவுடித்தனத்தைத் தடுக்கத்தான் என்று சொல்லித்தான் வைத்தார்கள். சுமார் 30 லட்சம் பவுண்டு வந்ததோ பயங்கரவாத எதிர்ப்பு நிதியிலிருந்து. விஷயம் வெளியே வந்ததும் போலீஸ் மன்னிப்புக் கேட்டது, கேமராக்களையும் கழற்றினார்கள். ஆனால் 'பாதுகாப்புக்குத்தானே' என்று நம்பித் தலையாட்டிய உள்ளூர் ஆட்கள் அக்கம்பக்கத்தில் எந்த முகத்தோடு நடந்திருப்பார்கள்? சமூக நல்லிணக்க வேலையையும் பயங்கரவாதத் தடுப்பையும் போட்டுக் குழப்பியது தப்பு என்று 2011ல் தெரசா மே உள்துறை அமைச்சராக இருந்தபோது அரசே ஒப்புக்கொண்டது. அதனால் நம் தெருவில் கேரம் போட்டி, கேரியர் கைடன்ஸ் முகாம் என்று யாராவது போலீஸ் ஸ்பான்சரோடு வந்தால், சந்தோஷமாக நடத்தலாம், ஆனால் எந்தத் திட்டம், எந்தத் துறை, பங்கேற்பவர்களின் பெயர்ப் பட்டியல் யாரிடம் போகும் என்று கேட்டுவிட்டு நடத்துங்கள்.

அந்த மஃப்டிக்காரரின் கேள்விக்கு வருகிறேன். இதில்தான் நம்மாட்கள் இரண்டு பக்கமும் சறுக்குகிறார்கள். ஒரு ரகம், கேட்டதும் நாலு பெயரைச் சொல்லிவிடும். பெரும்பாலும் அது பள்ளிவாசல் தேர்தலில் எதிர் அணியில் நின்றவர் மகனாகவோ, தொழுகையில் தவ்ஹீத் பாணியில் விரலை ஆட்டுபவனாகவோ இருக்கும். தவ்ஹீத், சுன்னத் ஜமாஅத் என்ற இரண்டு கொள்கைப் பிரிவுகளின் சண்டையைப் போலீஸ் டைரியில் கொண்டுபோய்த் தீர்த்துக்கொள்வது என்பது இதுதான். தாடி, கொள்கை மாற்றம், கோபமான பேச்சு இதெல்லாம் குற்றத்துக்கு அடையாளம் ஆகாது. பிரிட்டனில் யாரும் தீவிரவாதத்தின் பக்கம் போகாமல் கவனிப்பதைப் பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் 2015ல் சட்டக் கடமையாக்கினார்கள். அடுத்த வருஷமே ஒரு செய்தி வந்தது: லூட்டனில் நான்கு வயதுப் பையன் படம் வரைந்துவிட்டு 'கியூகம்பர்' என்று சொன்னது நர்சரி ஊழியர்கள் காதில் 'குக்கர் பாம்' என்று விழுந்திருக்கிறது. தீவிரவாதத் தடுப்புத் திட்டத்துக்கு அனுப்பலாம் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார்கள். வெள்ளரிக்காய்க்கே அந்தக் கதி.

இன்னொரு ரகம், எது நடந்தாலும் 'நமக்கெதுக்கு வம்பு' என்று வாயைத் திறக்காது, பேசப் போகிறவனையும் காட்டிக்கொடுப்பவன் என்று சொல்லும். இது முதல் ரகத்துக்குக் குறைந்த ஆபத்து இல்லை. 2019 ஏப்ரல் 21 அன்று இலங்கையில் ஈஸ்டர் குண்டுவெடிப்பில் 260க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதை நடத்திய கும்பலின் தலைவன் சஹ்ரானைப் பற்றி அவன் ஊரான காத்தான்குடியின் முஸ்லிம்களே அதற்கு முன்பு பலமுறை அதிகாரிகளிடம் புகார் சொல்லியிருந்தார்கள். கேட்கத்தான் ஆளில்லை. ஆனாலும் பழி மொத்த சமுதாயத்தின் மேல் விழுந்தபோது, 'நாங்கள் சொன்னோம்' என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அந்தப் புகார்கள் மட்டும்தான் இருந்தன. வெடிபொருள், ஆயுதம், கொலைத் திட்டம் என்று நிஜமான தகவல் கைக்கு வந்தால், வக்கீலைக் கூட்டிக்கொண்டு போய் எழுத்தில் கொடுங்கள். சில கடுங்குற்றங்களைப் பற்றித் தெரிந்தால் தகவல் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியின் 39வது பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ்ஸின் 33வது பிரிவு. டீக்கடையில் காதில் போட்டுவிட்டு வருவது அந்தக் கணக்கில் சேராது.

வக்ஃபு வாரியம், சிறுபான்மையினர் ஆணையம், உலமாக்கள் நல வாரியம் இவற்றில் பதவி வாங்கியவரையும் உளவுக்காரர் என்று கிசுகிசுப்பது சுத்த அபத்தம். அவை வேறு வேலைக்கு இருக்கின்றன. அதேபோல பிரிட்டன் சட்டத்தை அப்படியே இங்கே பொருத்திப் பேசுவதும் உதவாது. அங்கே 'சேனல்' என்று கவுன்சிலிங் ஏற்பாடாவது இருக்கிறது, ஒப்புதல் கேட்டுத்தான் சேர்க்கிறார்கள். இங்கே உள்துறை அமைச்சகத்தில் இதற்கென ஒரு பிரிவு 2017ல் வந்தது உண்மைதான், ஆனால் சாதாரண ஜமாஅத்துக்குத் தெரிந்தது ஸ்டேஷனும், யுஏபிஏ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டமும், என்ஐஏ என்ற தேசியப் புலனாய்வு அமைப்பும்தான். அங்கே ஒரு தவறான பெயர் கவுன்சிலிங் அறைக்குப் போகும், இங்கே அது பல வருஷம் ஜாமீன் கிடைக்காத சிறைக்கும் போகலாம்.

அப்புறம், தனியாகப் போவது. பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி மட்டும் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்து, என்ன பேசினார் என்று கமிட்டிக்கே தெரியாமல் இருப்பது. இரண்டு பேராகப் போங்கள், வந்த அன்றே என்ன கேட்டார்கள், என்ன சொன்னோம் என்று மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி, ஜும்ஆவுக்குப் பிறகு அதைச் சொல்லிவிடுங்கள். கொடுக்கும் மனுவின் நகலில் தேதியோடு ஸ்டேஷன் சீல் வாங்குங்கள். தேவைப்பட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆர்டிஐ போட்டு எடுத்துக்கலாம் என்று இருந்துவிட வேண்டாம், அதன் 24வது பிரிவின்படி உளவு அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. சீல் போட்ட அந்த நகலைப் பள்ளிவாசல் பீரோவில் வையுங்கள், முத்தவல்லி வீட்டில் வேண்டாம்.