மலைக்குளிரில் கேக் அடிக்க எந்த மிக்சர் வாங்கலாம்?

குன்னூரில் டிசம்பர் மாதத்துக் காலைவேளையில், இரவு முழுவதும் மேசைமேல் வைத்திருந்த வெண்ணெய்க் கட்டியை விரலால் அழுத்திப் பார்த்தால் குழி விழாது. கேக் செய்முறைகளில் 'அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்' என்று எழுதியிருப்பது ஏறக்குறைய 18 முதல் 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் வெண்ணெயைத்தான். சென்னையில் அந்த நிலைக்குக் கொண்டுவர அதைக் குளிர்விக்க வேண்டும், இங்கே வெதுவெதுப்பாக்க வேண்டும். கேக்கும் ரொட்டியும் செய்வதற்கென்று மின்சார மிக்சர் வாங்க நினைக்கும் நீலகிரிக்காரர்கள் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியது இதைத்தான், ஏனெனில் சமவெளியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கும் சிறிய இயந்திரம் இங்கே ஒரே குளிர்காலத்தில் ஓய்ந்துவிடக்கூடும்.

என்னுடைய முதல் கை மிக்சர் அப்படித்தான் போயிற்று. கிறிஸ்துமஸ் பிளம் கேக்கிற்காக அரைக் கிலோ வெண்ணெயையும் சர்க்கரையையும் பாத்திரத்தில் போட்டு அடிக்கத் தொடங்கினேன். வெண்ணெய் குழைவதற்குப் பதிலாக உடைந்து, துண்டு துண்டாகக் கம்பிகளுக்குள் ஏறி அடைத்துக்கொண்டது. மோட்டாரின் சத்தம் தாழ்ந்து முனகலாக மாறியபோது நிறுத்தியிருக்க வேண்டும். நான் வேகத்தைக் கூட்டினேன். இரண்டு நிமிடத்தில் காற்றுத் துளைகளின் வழியே கருகிய வாடை வந்தது, அத்துடன் அது நின்றுவிட்டது. கெட்டியான பொருளில் சிக்கிய மோட்டார் சுழல முடியாமல் அதிக மின்சாரத்தை இழுத்துச் சூடாகிறது. அதைக் குளிர்விக்க வேண்டிய உள்விசிறியும் அதே அச்சில்தான் சுழல்வதால், வேகம் குறையக் குறையக் காற்றும் குறைந்துவிடுகிறது.

ஆகவே, எந்த மிக்சர் வாங்குவது என்பதை, நீங்கள் செய்யப்போகும் பண்டங்களில் மிகக் கடினமானதையும், ஆண்டில் மிகக் குளிரான மாதத்தையும் வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.

வீட்டில் ஏற்கெனவே மிக்சி இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். மிக்சியின் பிளேடு வெட்டி அரைப்பதற்கானது. கேக் மாவுக்குத் தேவை, வெண்ணெயிலோ முட்டையிலோ நுண்ணிய காற்றுக் குமிழிகளைச் சிறைப்பிடிப்பது. மிக்சியில் மாவைச் சுற்றினால் காற்று ஏறாது, மைதாவின் பசைத்தன்மை மட்டும் ஏறி, கேக் ரப்பரைப் போல் இழுபடும்.

மாதம் ஒன்றிரண்டு கேக்கும், எப்போதாவது கிரீமும் அடிப்பவர்களுக்குக் கை மிக்சரே போதுமானது. 250 முதல் 300 வாட் வரை உள்ளதை வாங்குங்கள். அதைவிட முக்கியமாக, அதன் மிகக் குறைந்த வேகம் உண்மையிலேயே மெதுவாக இருக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். தொடக்கமே சீறிக்கொண்டு வரும் மிக்சர் மைதாவை மேசையெங்கும் தூவிவிடும். மாவை அடிக்கும் பாகமான பீட்டரின் கம்பிகள் தடிமனாக இருக்க வேண்டும், நடுவில் தண்டு இல்லாத வடிவமாக இருந்தால் குளிர்ந்த வெண்ணெய் அவ்வளவாக அடைத்துக்கொள்ளாது. கையில் இரண்டு நிமிடமாவது தூக்கிப் பிடித்துப் பாருங்கள், ஏனெனில் ஸ்பாஞ்ச் கேக்கிற்கு முட்டையும் சர்க்கரையும் நாடாவைப் போல் விழும் பதம் வர எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். பல கை மிக்சர்களின் குறிப்பேட்டில் ஐந்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டக்கூடாது என்று இருக்கும், அதை மீறாதீர்கள், இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். மலைக் காற்று அடர்த்தி குறைந்தது என்பதால் மோட்டாரின் சூட்டை அது சமவெளிக் காற்றைவிடக் குறைவாகவே எடுத்துச் செல்லும்.

பன், ரொட்டி, வர்க்கி ஆகியவற்றுக்கு மாவு பிசையும் எண்ணம் இருந்தால் கை மிக்சரை மறந்துவிடுங்கள். கூடவே தரும் சுருள் கொக்கிகள் ஒரு கைப்பிடி மாவுக்குத்தான் தாங்கும். அதற்கு வேண்டியது, பாத்திரத்தோடு மேசைமேல் நின்று வேலை செய்யும் ஸ்டாண்ட் மிக்சர். அதன் தொடக்கமே ரொட்டி மாவுதான். அமெரிக்காவின் ஹோபார்ட் நிறுவனம் ரொட்டிக் கடைகளுக்கென்று செய்த பெரிய இயந்திரத்தைச் சிறிதாக்கி 1919-இல் வீட்டுக்குக் கொண்டுவந்தது. பீட்டர் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே பாத்திரத்தையும் எதிர்த்திசையில் சுற்றிவரும் அந்த அமைப்பு இன்றும் மாறவில்லை. பாத்திரம் மட்டும் சுற்றும் மலிவான மாதிரிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

விளம்பரங்களில் பெரிதாகப் போடும் வாட் கணக்கை நம்பி வாங்குவதுதான் இதில் மிகுதியாக நடக்கும் தவறு. வாட் என்பது இயந்திரம் உறிஞ்சும் மின்சாரமே தவிர, கொக்கிக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசை அல்ல. கிச்சன்எய்ட் நிறுவனத்தின் ஆர்டிசன் என்ற ஸ்டாண்ட் மிக்சர் 300 வாட்தான். 1,200 வாட் என்று அச்சிட்ட சில மிக்சர்கள் அது பிசையும் மாவில் திணறுகின்றன. பார்க்க வேண்டியது வேறு: உள்ளே கியர்கள் உலோகமா நைலானா, மொத்த எடை எவ்வளவு, குறிப்பேட்டில் ஒரு தடவைக்கு அதிகபட்சம் எத்தனை கிராம் மைதா என்று எழுதியிருக்கிறது. அந்த அளவில் முக்கால் பங்கை மட்டுமே உங்கள் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். மிகவும் இலேசான இயந்திரம் கெட்டி மாவில் மேசைமேல் நடக்கத் தொடங்கும்.

கடையில் பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயத்தைப் போட்டு, தட்டையான பீட்டரை மாட்டி, மிகக் குறைந்த வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் நாணயம் சிறிது தள்ளப்பட வேண்டும். அசையவே இல்லையென்றால் அடியில் மாவு கலக்காமல் தங்கும், தெறித்து ஓடினால் பீட்டர் பாத்திரத்தை உரசும். பல மாதிரிகளில் இந்த இடைவெளியைத் திருத்த ஒரு திருகு இருக்கும். குடும்பத்துக்கு 4.5 முதல் 5 லிட்டர் பாத்திரம் போதும். அதைவிடப் பெரியதில் இரண்டு முட்டை வெள்ளைக்கருவைப் போட்டால் விஸ்க் எனும் கம்பிக் கூடை அதை எட்டாது.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்திலும் குன்னூர் 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. காற்றழுத்தம் குறைவான இந்த உயரத்தில் குமிழிகள் ஓவனுக்குள் கூடுதலாக விரியும், அதனால் வெள்ளைக்கருவைக் கம்பு போல் விறைத்து நிற்கும்வரை அடித்தால் கேக் பொங்கி எழுந்து நடுவில் அமுங்கிவிடும். நுனி மடங்கி விழும் மென்பதத்திலேயே நிறுத்த வேண்டும். அந்தப் பதத்தைப் பிடித்து நிறுத்த, உச்ச வேகத்தைவிட இடைப்பட்ட வேகங்கள் பல இருப்பதே நமக்கு உதவும்.

வெளிநாட்டு உறவினர் அன்போடு அனுப்பும் அமெரிக்க மிக்சர் 120 வோல்ட்டில் ஓடுவது. நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும், எடை மிகுந்த டிரான்ஸ்பார்மர் தனியாக வேண்டும். எஸ்டேட் பகுதிகளில் மின்னழுத்தம் தாழ்ந்திருக்கும் மாலை நேரத்தில் மாவு பிசைவதைத் தவிர்ப்பது நல்லது. வாங்குமுன், அந்த நிறுவனத்தின் பழுதுபார்க்கும் இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். கோயம்புத்தூரில்தான் என்றால், பத்துக் கிலோ இயந்திரத்தைப் பேருந்தில் மலையிறக்கி மீண்டும் ஏற்ற வேண்டியவர் நீங்கள்தான்.

பனியும் மூடுபனியும் நிறைந்த மாதங்களில் மிக்சரை மூடிய அலமாரியில் வைத்தால் கம்பிகளில் துரு ஏறும், எனவே நன்றாகத் துடைத்து, காற்றோட்டமான இடத்தில் துணி போர்த்தி வையுங்கள். பூச்சு இல்லாத அலுமினியக் கொக்கியைப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள், கறுத்துவிடும்.

வெண்ணெயைப் பொறுத்தவரை, சிறு சதுரங்களாக வெட்டி, வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்த பாத்திரத்தில் அரை மணி நேரம் வையுங்கள். முட்டைகளையும் ஓட்டுடன் இளஞ்சூட்டு நீரில் பத்து நிமிடம் போடுங்கள். பிறகு மிகக் குறைந்த வேகத்தில் தொடங்குங்கள். புது மிக்சர் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே, நீங்கள் எப்போதும் பிசையப்போகும் அளவு ரொட்டி மாவை அதில் பிசைந்து, முடிந்தவுடன் மோட்டார் பகுதியின்மேல் உள்ளங்கையை வையுங்கள். இளஞ்சூடு இயல்பானது. கை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சுட்டால், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ரசீதுடன் கடைக்கு எடுத்துச் செல்லுங்கள்.